குறை சொல்ல வந்தவரை உட்கார வைப்பது எப்படி?

நாம் செய்த வேலையில் ஒருவர் குறை சொல்லும்போது காது சூடாகும், பதில் தொண்டை வரை வந்து நிற்கும். அனுபவம் கூடினால் இது தானாகப் போய்விடும் என்று நினைப்பது தவறு. இருபது வருடம் கத்தரி பிடித்த கைக்கும் வரும். அதனால் மனதைத் திடப்படுத்திக்கொள்வதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எந்தக் கட்டத்தில் கேட்பது, என்ன வார்த்தையில் கேட்பது, கேட்டதை எங்கே எழுதுவது, எதை ஏற்று எதை விடுவது என்று ஒரு முறை இருந்தால் மனம் தன்னால் அடங்கும்.

மதுரையில் ஜாக்கெட் தைக்கும் கடையை வைத்து இதை விளக்குகிறோம். தையலில் குறை உடம்பிலேயே தெரிந்துவிடும், பேச்சில் மறைக்க முடியாது என்பதுதான் காரணம். சமையல், அச்சு, பொம்மை, எழுத்து என்று எந்த வேலை செய்கிறவரும் தன் வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முடிவதற்கு முன்பே கேளுங்கள்

குறை வலிப்பதற்குப் பாதிக் காரணம் அது வரும் நேரம். பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு, பையில் மடித்து வைத்த பிறகு வருகிற குறை, கூலியையும் நேரத்தையும் சேர்த்து அடிக்கிறது. அதே குறை வெட்டுவதற்கு முன்னால் வந்திருந்தால் சாக்பீஸ் கோட்டை அழித்து வேறு கோடு போட்டால் முடிந்திருக்கும்.

மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களின் வேலையில் இது கண்கூடாகத் தெரியும். களிமண் ஈரமாக இருக்கும்வரை மூக்கு சப்பை என்று யார் சொன்னாலும் கட்டைவிரலால் திருத்தலாம். காய்ந்த பிறகு சுரண்டத்தான் முடியும். சுட்ட பிறகு அதுவும் கிடையாது, வண்ணத்தில் சமாளிக்க வேண்டியதுதான். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற சுங்குடிச் சேலையில் இன்னும் கஷ்டம். முடிச்சு கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்து பிரித்த பிறகுதான் புள்ளி வரிசை விலகியது கண்ணில் படும். அதனால் அங்கே குறை கேட்க வேண்டிய இடம் துணியில் அச்சு போடுகிற கட்டம், முடிச்சு விழுவதற்கு முன்.

உங்கள் வேலையில் ஈரக் களிமண் கட்டம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஜாக்கெட்டில் அது நான்கு இடத்தில் இருக்கிறது.

முதல் இடம், அளவு வாங்கும்போது. வாடிக்கையாளர் ஒரு அளவு ஜாக்கெட்டைக் கொடுப்பார். எல்லாக் கடையிலும் "இதே மாதிரி தைக்கணுமா?" என்றுதான் கேட்பார்கள். "ஆமாண்ணே" என்று பதில் வரும். அதோடு பழைய தையல்காரர் செய்த தப்பையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு குறையை நாம் வாங்கிக்கொள்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்த ஜாக்கெட்டுல உங்களுக்குப் பிடிக்காதது எதுக்கா?" இப்படிக் கேட்டால், "கை கொஞ்சம் இறுக்கம், பின்கழுத்து இன்னும் அரை இஞ்ச் ஏறணும்" என்று அவரே சொல்லிவிடுவார். அடுத்தவர் வேலையைப் பற்றிய குறை என்பதால் அவருக்கும் சொல்லத் தயக்கம் இல்லை, உங்களுக்கும் கேட்க வலி இல்லை. குறை கேட்டுப் பழக நினைக்கிறவர் இங்கிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, ஆரி வொர்க் (கொக்கி ஊசியால் போடுகிற வேலைப்பாடு) போடுவதற்கு முன். வேலைப்பாடு சட்டத்தில் கட்டிய துணியில் முடிந்துவிட்டால் கழுத்து வடிவத்தை யாராலும் மாற்ற முடியாது. கோடு வரைந்த துணியைப் போட்டோ எடுத்து அனுப்புவது போதாது. நேரில் வரச் சொல்லி, துணியை முதுகில் வைத்துக் காட்டுங்கள். கழுத்து எவ்வளவு இறங்குகிறது என்பது போட்டோவில் சரியாகத் தெரியாது.

மூன்றாவது, பிரித்துவிடக்கூடிய ஓட்டுத்தையல் போட்டு உடுத்திப் பார்ப்பது. எல்லா ஜாக்கெட்டுக்கும் இது கட்டுப்படியாகாது. முகூர்த்த ஜாக்கெட்டுக்கும், முதல் முறை வருகிறவருக்கும் கட்டாயம் செய்யுங்கள். நான்காவது, கொடுக்கும் நாள். விசேஷத்துக்கு முந்தின நாள் கொடுத்தால் அவர் குறை சொல்லவும் வழியில்லை, நீங்கள் திருத்தவும் நேரமில்லை. மூன்று நாள் முன்னதாகக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் துணியிலும் இடம் விட்டிருக்க வேண்டும். பக்கத் தையலில் முன்துண்டு, பின்துண்டு இரண்டிலும் உள்ளே ஒரு அங்குலம் விட்டிருந்தால், பின்னால் சுற்றளவில் 2 முதல் 3 அங்குலம் வரை பிரித்துவிடலாம். கழுத்தை அரை அங்குலம் ஏற்றி வெட்டியிருந்தால் இறக்கிக்கொள்ளலாம். இறக்கி வெட்டியதை ஏற்ற வழியே இல்லை. துணியை மிச்சம் பிடிக்க உள்மடிப்பை ஒட்ட வெட்டுகிற கடைகளில்தான் குறை சொல்வது சண்டையாக முடிகிறது. திருத்த வழியில்லாதவர் தன்னை நியாயப்படுத்தித்தானே பேசியாக வேண்டும்?

"நல்லாருக்கு" என்பதைத் தாண்டிக் கேட்பது

நம் பக்கத்தில் முகத்துக்கு நேராகக் குறை சொல்வதை மரியாதைக் குறைவாக நினைப்பவர்கள் நிறையப் பேர். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்குண்ணே" என்றுதான் வரும். அது மரியாதை, கருத்து இல்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர் அடுத்த ஜாக்கெட்டை வேறு கடையில் கொடுத்திருப்பார். ஏன் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. சத்தம் போட்டவர் கூட ஆறு மாதத்தில் திரும்பி வருவார். சொல்லாமல் போனவர்தான் வரமாட்டார்.

கேள்வியை மாற்றினால் பதில் மாறும். "இதுல ஒண்ணே ஒண்ணை மாத்தணும்னா எதை மாத்தச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். ஒன்று என்று எண் சொல்லிவிட்டால், குறை சொல்வது கேட்டவருக்குச் செய்கிற உதவியாகிவிடுகிறது. "கையைத் தூக்குறப்ப எங்கயாச்சும் பிடிக்குதா?" என்று இடத்தைச் சொல்லிக் கேட்பதும் நல்ல வழி. "பிடிக்கலைன்னா சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். "பிடிக்கலை" என்ற பெரிய சொல்லைச் சொல்ல யாருக்கும் நா எழாது.

வயதில் மூத்தவரிடமும் நெருங்கிய சொந்தத்திடமும் இந்தக் கேள்வி அவ்வளவாக வேலை செய்யாது. சித்தி, மதினி போன்றவர்கள் ஒன்று எல்லாவற்றையும் புகழ்வார்கள், இல்லையென்றால் தையலை விட்டுவிட்டு நீங்கள் கடை போட்டதையே குறை சொல்வார்கள். அவர்களிடம் வேலையைப் பற்றிக் கேட்காமல் உடுத்திய பிறகு நடந்ததைக் கேளுங்கள்: "கல்யாணத்துல எத்தனை மணி நேரம் போட்டிருந்தீங்க? வீட்டுக்கு வந்ததும் முதல்ல எதைக் கழட்டணும்னு தோணுச்சு?"

கடைக்குள்ளேயும் இதே தயக்கம் உண்டு. மாஸ்டர் வெட்டியதில் தப்பு இருப்பது காஜா (பட்டன் துளை) எடுக்கிற பிள்ளைக்குத் தெரியும், ஆனால் சொல்லாது. வாயால் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சந்தேகம் வந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு போட்டு மேஜையில் வைத்துவிடலாம் என்று ஒரு வழக்கம் கொண்டுவாருங்கள். மாஸ்டர் பார்ப்பார், சரி என்றால் நூலை அறுத்துவிடுவார், இல்லையென்றால் பிரிப்பார். யார் போட்டது என்று கேட்கக் கூடாது. இந்த ஒரு விதியை ஒருமுறை மீறினாலும் அதன் பிறகு சிவப்பு நூல் விழாது.

முதல் இரண்டு நிமிடம்

குறை சொல்ல ஒருவர் கடைப்படி ஏறுகிறார். முதலில் நாற்காலி, பிறகு தண்ணீர். இது உபசாரம் மட்டுமில்லை. நின்றுகொண்டு பேசுகிறவர் குரல் உயர்ந்துதான் இருக்கும், உட்கார்ந்தால் இறங்கும். உங்கள் குரலுக்கும் இது பொருந்தும், நீங்களும் மிஷினை நிறுத்திவிட்டு உட்காருங்கள். வேறு வாடிக்கையாளர்கள் இருந்தால் நாற்காலியை ஓரமாகப் போடுங்கள்.

பிறகு சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "சொல்லுங்கக்கா, எந்த இடத்துல?" அவர் முடிக்கும்வரை வேறு பேச்சு வேண்டாம். இந்த நேரத்தில் வாயில் வந்து நிற்கிற பதில்கள் எல்லாக் கடையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "நீங்க குடுத்த அளவுதான்." "துணி அப்படி." "புதுப் பையன் தச்சது." "எல்லாருக்கும் இப்படித்தான் தைக்கிறோம், யாரும் சொன்னதில்லை." இவற்றில் சில உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் முதல் இரண்டு நிமிடத்தில் சொன்னால் எதிரே இருப்பவர் அத்தோடு விவரம் சொல்வதை நிறுத்திவிட்டு வாதத்துக்கு மாறுவார். உங்களுக்கு வேண்டியது விவரம். அளவு ஜாக்கெட் பற்றிய பேச்சைப் பத்து நிமிடம் கழித்தும் பேசிக்கொள்ளலாம்.

உடனே "ஆமா, எங்க தப்புதான்" என்று ஒத்துக்கொள்வதும் சரியில்லை. அது பணிவு மாதிரி தெரியும், ஆனால் பேச்சைச் சீக்கிரம் முடிப்பதற்கான வழிதான். என்ன தப்பு என்று தெரியாமல் ஒத்துக்கொண்டால் அடுத்த துணியிலும் அதுவே வரும்.

குறை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்தால் இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை கோபத்தைத்தான் கேட்போம். இரண்டாவது முறை அந்த ஜாக்கெட்டின் பேப்பர் கட்டிங்கை (துணி வெட்ட வைத்திருக்கும் காகித மாதிரியை) மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டால் இடம் காதில் விழும். "கேட்டேன்க்கா, பாத்துட்டு நாளைக்குக் காலையில சொல்றேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டு, சொன்ன நேரத்தில் பதில் கொடுங்கள்.

சொல்லை அளவாக மாற்றுவது

குறை சொல்கிறவருக்கு உங்கள் தொழில் வார்த்தை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர் தன் உடம்புக்கு நேர்ந்ததைச் சொல்கிறார், அதை அங்குலமாக்குவது உங்கள் வேலை. அந்த வேலையில் கை ஓடத் தொடங்கியதும் கோபத்துக்கு இடம் இருக்காது. குறையை விரும்பிக் கேட்கப் பழகியவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் பழகியிருக்கிறார்கள்.

உடுத்தச் சொல்லி நான்கு அசைவு செய்யச் சொல்லுங்கள்: இரண்டு கையையும் மேலே தூக்குவது, முன்னால் குனிவது, உட்காருவது, கையைப் பின்னால் கொண்டுபோய் ஊக்கைத் தொடுவது. எந்த அசைவில் புடிக்குது என்று அவர் சொன்னதும் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி, அங்கே குண்டூசி குத்துங்கள்.

"கையைத் தூக்குனா ஜாக்கெட்டே மேல வருது" என்றால் பலரும் உயரம் போதவில்லை என்று நினைத்துக் கீழே பட்டி சேர்ப்பார்கள். பெரும்பாலும் காரணம் கைக்குழி, அதாவது கை வந்து சேர்கிற வளைவு. அது ஆழமாக இறங்கியிருந்தால் கை உயரும்போது உடம்புத் துணியையும் சேர்த்து இழுக்கும். துணியை வெட்டிவிட்டதால் கைக்குழியை ஏற்ற வழி குறைவு. தோளில் கால் அங்குலம் பிடித்துத் தூக்கலாம், அக்குளில் சிறிய துண்டுத் துணி வைத்துத் தரலாம். அடுத்த வெட்டில் கைக்குழியை அரை அங்குலம் ஏற்றிக் கோடு போடுங்கள்.

"தோள்பட்டை நழுவுது" என்றால் கழுத்து அகலம் கூடிவிட்டது. பின்கழுத்து இறக்கமாகவும் முன்கழுத்து அகலமாகவும் ஒரே ஜாக்கெட்டில் கேட்டிருந்தால் இது வந்தே தீரும். நாடா வைத்தால் நிற்கும். "ஊக்குக்கு நடுவுல வாய் பொளக்குது" என்பது மார்புச் சுற்றளவு இறுக்கம், பக்கத் தையலைப் பிரித்துவிட வேண்டும். கைக்குழியிலிருந்து மார்பு நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் ஓடினால் டக் (மார்புக்காகப் பிடிக்கிற மடிப்புத் தையல்) ஆழம் போதவில்லை. இங்கே பக்கத்தைப் பிரித்தால் சுருக்கம் போகாது, ஜாக்கெட் தொளதொளவென்று ஆகி இரண்டாவது குறையும் சேரும்.

"வாங்கறப்ப சரியா இருந்துச்சு, ஒரு தடவை துவைச்சதும் டைட் ஆயிருச்சு" என்ற புகாரைத்தான் கடைக்காரர்கள் அதிகமாக மறுக்கிறார்கள். அவர் சதை போட்டுவிட்டார் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வார்கள். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். மேல்துணி உப்பி, உள்ளே லைனிங் விறைப்பாக இழுத்துக்கொண்டு இருந்தால் தப்பு கடையில்தான். காட்டன் லைனிங்கைத் தண்ணீரில் நனைக்காமல், நிழலில் காயவைக்காமல், இஸ்திரி போடாமல் அப்படியே வெட்டியிருக்கிறார்கள். தீபாவளி நெருக்கத்தில் இந்தப் படியைத்தான் முதலில் விடுவார்கள். அந்த வாரம் வரப்போகிற லைனிங்கை ஒரு மாதம் முன்பே மொத்தமாக நனைத்து மடித்து வைத்தால் தீர்ந்தது.

மெஸ் நடத்துகிறவர்களுக்கும் இதே மொழிபெயர்ப்பு வேண்டும். "குழம்புல உப்பு இல்ல" என்று சாப்பிட்டவர் சொல்கிறார். கரண்டியில் விட்டு நக்கிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. சோற்றில் பிசைந்தால் குறைகிறது, அவர் அப்படித்தான் சாப்பிட்டார். ருசி பார்க்கும்போது ஒரு கவளம் சோற்றோடு பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில், "என்னமோ சரியில்ல" என்பதற்குப் பெரும்பாலும் பெயர் வரிசைதான் காரணம். புரூஃபை இரு வீட்டாரிலும் ஒவ்வொருவர் பெயர் பெயராக வாய்விட்டுப் படிக்க வேண்டும், கீழிருந்து மேலே. தாய்மாமன் பெயர் விடுபட்டால் அதை எழுத்துப்பிழை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சொற்குற்றமா, பொருட்குற்றமா

மதுரையில் இந்தப் பிரிவு பழையது. தருமி கொண்டுவந்த பாட்டில் சொற்குற்றம் இல்லை, பொருட்குற்றம் உண்டு என்றுதான் நக்கீரர் சொன்னதாகத் திருவிளையாடல் கதை. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்பது அவருடைய கேள்வி. பாட்டு மோசம் என்று அவர் சொல்லவில்லை, எந்த இடம் என்று காட்டினார். உங்களுக்கு வந்த குறையையும் இப்படிப் பிரியுங்கள். நூல் பிசிறு, ஊக்கு தளர்ச்சி, பட்டி கோணல் எல்லாம் சொற்குற்றம், பத்து நிமிடத்தில் சரியாகும், மன்னிப்பு கூடப் பெரிதாக வேண்டாம். கைக்குழியும் டக்கும் பொருட்குற்றம். அதற்கு நேரம் ஒதுக்கி, வெட்டுவரை திரும்பப் போக வேண்டும். பலர் சின்னதற்குப் பெரிதாக நொந்துபோய், பெரியதை "சரி பண்ணித் தர்றோம்" என்று மேலாகப் பூசிவிடுகிறார்கள்.

அதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது. தருமியால் பதில் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம், அது அவர் எழுதிய பாட்டு இல்லை. கவுண்டரில் ஒருவர், வெட்ட ஒருவர், தைக்க ஒருவர் என்று இருக்கும் கடைகளில் தினமும் இது நடக்கிறது. குறையைக் கேட்டவருக்கு வெட்டு தெரியாது, வெட்டியவர் காதுக்குக் குறை போகாது. கவுண்டரில் இருப்பவர், வந்தவர் சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஜாக்கெட்டோடு குண்டூசியால் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். "ஃபிட்டிங் ப்ராப்ளம்" என்று சுருக்கி எழுதினால் பயனில்லை. "பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சா இடது கை இறுக்குது" என்று எழுதியிருந்தால் வெட்டியவருக்குப் பாதி வேலை முடிந்தது. முன்பு மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டுத் தைத்த காலத்தில் வெட்டுகிறவரும் உடுத்துகிறவரும் எதிரெதிரே இருந்தார்கள், சீட்டு தேவைப்படவில்லை.

எதை ஏற்க வேண்டாம்

விலை குறைப்பதற்காகச் சொல்கிற குறையும் உண்டு. அதற்கு ஜாக்கெட்டில் காட்ட ஓர் இடம் இருக்காது. விரலால் காட்டச் சொன்னால் "மொத்தமாவே சரியில்ல" என்பார்கள். "காசுல குறைக்க முடியாதுக்கா, ஆனா பிரிச்சுத் தச்சுத் தாரேன், வச்சுட்டுப் போங்க" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான குறை என்றால் பெரும்பாலும் வைத்துவிட்டுப் போவார். நாளைக்கே விசேஷம் என்றால் உண்மையான குறை உள்ளவரும் எடுத்துக்கொண்டுதான் போவார், அதனால் இதை மட்டும் வைத்து யாரையும் எடைபோட வேண்டாம். விசேஷம் முடிந்ததும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

"உனக்கு எவன்யா தொழில் கத்துக்குடுத்தது" என்கிற வகைப் பேச்சில் இடமோ அளவோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அதை எழுதிக்கொள்ளுங்கள், மற்றதற்கு நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. மரியாதை இல்லாத பேச்சைத் தாங்குவது தொழில் கற்பதன் ஒரு பகுதி என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. அப்படி வளர்ந்தவர்கள் எல்லாக் குறைக்கும் காதை மூடிக்கொள்கிறார்கள்.

குறை சரி, ஆனால் கேட்கிற திருத்தம் தப்பு என்பதும் அடிக்கடி வரும். இடுப்பு தொளதொளப்பு என்பது உண்மையாக இருக்கும், "ரெண்டு இஞ்ச் பிடிங்க" என்பது அதிகமாக இருக்கும். குறையை முழுதாக ஏற்று, திருத்தத்தை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குண்டூசியில் பிடித்துக் காட்டி, உட்காரச் சொல்லி, அவரே முடிவு செய்யட்டும். உங்கள் யோசனைக்கு மாறாக அவர் கேட்டால் தைத்துக் கொடுங்கள், பில்லில் அதை எழுதிக் காட்டிவிடுங்கள்.

திருத்தியதும் சொல்லியனுப்புவதை மறக்காதீர்கள். "நீங்க சொன்ன இடத்தைப் பிரிச்சுட்டோம், போட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு தகவல் போனால் அவர் அடுத்த முறையும் வாய் திறப்பார்.

நோட்டும் ஆடி மாதமும்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, அவர் சொன்ன வார்த்தை, குண்டூசி குத்திய இடம், அளவு, செய்த திருத்தம் என்று ஐந்து கட்டம். பெயர் வேண்டாம், பில் எண் போதும். பெயர் இருந்தால் ஆளைத்தான் நினைவு வைத்துக்கொள்வோம். ஒருவர் சொன்னதற்கு அந்த ஜாக்கெட்டை மாற்றுங்கள். ஒரே இடத்தை மூன்று பேர் சொல்லிவிட்டால் மாற்ற வேண்டியது பேப்பர் கட்டிங்.

அந்த நோட்டை வேலை நெருக்கத்தில் பிரிக்காதீர்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களிலும் சித்திரைத் திருவிழா வாரத்திலும் அதைப் படித்தால் சோர்வுதான் மிஞ்சும். ஆடியில் கல்யாணம் இல்லை, முகூர்த்த ஜாக்கெட்டும் வராது. ஒரு மத்தியான நேரம் மாஸ்டர், தைக்கிறவர், கவுண்டரில் இருப்பவர், காஜாப் பிள்ளை என்று எல்லாரும் உட்கார்ந்து நோட்டை முதலிலிருந்து வாசியுங்கள். வாசிப்பது காஜாப் பிள்ளையாக இருக்கட்டும். திரும்பத் திரும்ப வருகிற இடங்களைச் சுழித்து, அந்தப் பேப்பர் கட்டிங்குகளைப் புதிதாக வெட்டி, தேதி போடுங்கள். பழையதைக் கிழித்துப் போட வேண்டாம். அதன் மேல் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, "கைக்குழி அரை இஞ்ச் ஆழம், 3 பேர் சொன்னது" என்று எழுதி ஆணியில் மாட்டுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர் பார்க்கிற மாதிரி, புதிய கட்டிங்குக்குப் பக்கத்திலேயே.